குடிக்கிற பாதி, அழுகிற பாதி

மணி ஒன்றே கால். மேடையில் கதாநாயகன் மூன்றாவது சாராயப் புட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் திருந்துவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் பார்க்க வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"எங்கய்யா போறீங்க? இனிமேதானே கதையே!" என்று திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார் நாடகக் கம்பெனி முதலாளி தசரதன்.

"ரெண்டு மணி ஷிப்டுங்க. சங்கு ஊதறதுக்குள்ள சுரங்கத்துல எறக்கற கேஜாண்ட நிக்கணும்."

"போற வழியில கொஞ்சம் வேலையும் கீது," என்று கண்ணடித்தான் இன்னொருவன்.

கதாநாயகனின் குடிப்பாட்டைப் பாடிக்கொண்டே இருவரும் ஊரின் ஒரே சாராயக்கடைப் பக்கம் திரும்பினார்கள். பின்னாலேயே நூறு பேர்.

தசரதன் காலி பெஞ்சுகளை எண்ணிப் பார்த்தார். தங்கச் சுரங்கத்தின் பெரிய அதிகாரி ஆர்தர் துரை இந்தத் தகரக் கொட்டகையைக் கொடுத்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். மாசி மாதம் நான்கு சனிக்கிழமை, பட்டப்பகலில், குடியின் கேட்டைப் படிப்பிக்கும் நாடகம் போட வேண்டும். ஆட்கள் குடித்துவிட்டுச் சுரங்கத்தில் இறங்குவது குறைந்தால் கொட்டகை நிரந்தரமாக நாடகத்துக்கு. குறையாவிட்டால் மரக்கட்டை அடுக்கும் கிடங்கு. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பதினோரு பேரையும் ஏழு பெட்டியையும் இழுத்துக்கொண்டு, பங்காருபேட்டையில் வண்டி மாறி, புது ரயிலில் வந்து இறங்கியவர் தசரதன். மூன்று வருஷமாக ஒரு கூரைக்கு அலைந்த கம்பெனி. இதுவும் போனால் மறுபடி நடுத்தெருதான்.

நாடகத்தின் முதல் பாதி முழுக்கக் குடி, கும்மாளம். இரண்டாம் பாதி முழுக்க அழுகை. காலை ஷிப்ட் முடித்து இரண்டரை மணிக்கு வந்து உட்கார்ந்தவர்கள், மேடையில் இருப்பவன் எதற்காக அழுகிறான் என்று தெரியாமலே கூடச் சேர்ந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

"பாதி ஊருக்குக் குடிக்கக் கத்துக் குடுத்துட்டோம், முனிரத்தினம்," என்று தலையில் கைவைத்தார் தசரதன்.

கதாநாயகனாக நடித்த முனிரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பாட்டு அவ்ளோ நல்லாவா இருந்துச்சுண்ணே?"

இரண்டாம் சனிக்கிழமை நாடகத்தையே திருப்பிப் போட்டார். முதலில் அழுகை, அப்புறம் குடி. போன வாரம் குடியைப் பார்த்தவன் இந்த வாரம் அழுது தொலைக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். இரண்டரை மணிக்குக் குடிக்காட்சி ஆரம்பித்ததும், போன வாரத்துப் பாட்டைப் பாடிக்கொண்டே உள்ளே நுழைந்தது ஒரு கூட்டம். பார்த்தால் அதே ஆட்கள்!

கேஜுக்கு மணி அடிக்கும் சகாயத்தைப் பிடித்துக்கொண்டார் தசரதன். "இவங்கல்லாம் இப்ப சுரங்கத்துக்குள்ள இருக்கணுமே?"

"இன்னாங்க இது, வாராவாரம் ஷிப்ட் மாறும்ல? போன வாரம் மத்தியானம் இறங்குனவங்க இந்த வாரம் காலையில இறங்கிட்டாங்க."

"அப்ப நான் நாடகத்தை மாத்தாம சும்மா இருந்திருந்தா?"

"அழுதிருப்பாங்க," என்றான் சகாயம்.

மூன்றாம் சனிக்கிழமைக்குள் தசரதனுக்குத் தூக்கம் போய்விட்டது. பழையபடி குடியை முன்னால் வைத்தார். ஆனால் முனிரத்தினத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை சேத்துல விழு. வாந்தி எடு. வேட்டி அவுரட்டும். பாக்கறவனுக்குக் குடின்னாலே குமட்டணும்."

முனிரத்தினம் உயிரைக் கொடுத்து நடித்தான். கொட்டகை சிரித்துச் சிரித்துப் புரண்டது. "இன்னொரு தபா வாந்தி எடுய்யா!" என்று ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ஒன்றே கால் மணிக்கு எழுந்தவர்கள் அவனைப் போலவே தள்ளாடித் தள்ளாடிக் கடைப் பக்கம் போனார்கள். விஷயம் பரவி, அடுத்த வாரம் பக்கத்துச் சுரங்கமான கோரமண்டலிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நான்காம் சனிக்கிழமை தசரதன் குடியையே வெட்டி எறிந்தார். இரண்டு பாதியும் அழுகை. முதல் பாதிக் கூட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. இரண்டரை மணிக்கு வந்த கூட்டம் பொறுக்கவில்லை. "குடி எங்க? குடியைப் போடு!" என்று பெஞ்சைத் தட்டி ஊரைக் கூட்டியது. அந்த நேரம் பார்த்தா ஆர்தர் துரை வாசலில் வந்து நிற்க வேண்டும்? கையில் ஒரு பெரிய பூட்டு வேறு.

தசரதன் கைகளைக் கூப்பிக்கொண்டு ஓடினார். "துரை, ஒரே ஒரு மாசம் தவணை குடுங்க..."

துரை அந்தக் கைகளைப் பிரித்துப் பிடித்துக் குலுக்கினார். "தசரதன்! நாலு சனிக்கிழமை, ரெண்டு மணி ஷிப்ட். கேஜ் வாசலில் எல்லார் வாயும் மோந்து பார்த்தாச்சு. முன்னே பதினைந்து பேர், இருபது பேர். இப்போ ஒருத்தன்கூடக் குடிக்கலை! கொட்டகை உனக்குத்தான். இந்தா, பூட்டு சாவி."

துரை போனதும் தசரதன் பூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியதில் கண் கலங்கிப்போயிற்று. பதினோரு பேருக்கும் கூரை கிடைத்துவிட்டது!

"பாத்தியா முனிரத்தினம்? நாம சொன்னது ஜனங்க மனசுல எங்கியோ போய்த் தச்சிருக்குடா!"

முன்வரிசையில் ஒரு கனத்த மனிதர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு இன்னும் தேம்பிக்கொண்டிருந்தார். தசரதன் அவரிடம் போய் வாஞ்சையோடு தோளைத் தொட்டார்.

"அழாதீங்கய்யா. நீங்களும் நம்ம நாடகத்தைப் பார்த்துத்தான் குடியை விட்டீங்களா?"

"நான் குடிக்கறதே இல்லீங்க," என்றார் அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே. "விக்கறவன். இந்த நாடகத்தை ஒரு வரி விடாம பாக்கணும்னு, நாலு சனிக்கிழமையா காலையிலயே சாராயக்கடையைப் பூட்டிட்டில்ல இங்க வந்து குந்திக்கினு கீறேன்!"