அமாவாசையில் உதித்த நிலாமுகங்கள்

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் டாக்டர் ரோஸ்லினுக்கு ஒரு கணக்கு உதைத்தது. போன கோடைவரை ஒழுங்காக இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு, ஒருவர் பின் ஒருவராகச் சர்க்கரை எகிறிக்கொண்டிருந்தது. அதே மாத்திரை, அதே அளவு, அதே கேப்பைக் களி. கணினித் திரையில் கோடு மட்டும் தென்னை மரம் ஏறிற்று.

கூட்டுரோட்டில் கொய்யாப்பழம் விற்கும் செண்பகத்தை நினைத்துத்தான் ரோஸ்லினுக்குத் தூக்கம் வரவில்லை. செண்பகத்தின் கால் கட்டைவிரலில் ஒரு புண். ஆறவே மாட்டேன் என்றது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று விழுப்புரத்தில் சர்ஜன் சொல்லிவிட்டார்.

"அக்கா, வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா."

சர்க்கரை ஏறிய அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

"கவர்மெண்ட் மாத்திரைதான் சரியில்லன்னு ஊரே பேசிக்கினு கீது மேடம்," என்றார் மருந்தாளுநர் தேவசகாயம். "பாதி பேரு வாங்கவே வர்றதில்ல. பேஜாராப் போச்சு."

ரோஸ்லின் கோபப்படவில்லை. இருக்கலாமே! அரசாங்க மாத்திரைக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது? சந்தேகம் மாத்திரை மேல் என்றால் மாத்திரையைத்தான் விசாரிக்க வேண்டும். பெருமுக்கல் பக்கம் வேலை பார்க்கும் தன் தோழி கவிதாவுக்குப் போன் போட்டாள்.

"அதே பேட்ச்தான்டி இங்கயும் குடுக்கறோம். இங்க யாருக்கும் ஏறலியே!"

ஒரே மாத்திரை அங்கே சமர்த்தாகவும் இங்கே சண்டியராகவும் நடந்துகொள்ளாது. மாத்திரை விடுதலை.

அப்படியானால் குற்றவாளி யார்? ஏறியவர்களைத் திரையின் ஒரு பக்கமும் ஏறாதவர்களை மறு பக்கமும் நிறுத்தினாள். இவர்களிடம் இருப்பது, அவர்களிடம் இல்லாதது எது? வயது? ஒன்றுதான். எடை? பெரிய வித்தியாசமில்லை. பழைய புகார்களைப் புரட்டியபோது நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். ஏறியவர்கள் எல்லாரும் முன்பு வந்தபோதெல்லாம் முட்டிவலி, முட்டிவலி என்று அழுதவர்கள். சர்க்கரை ஏறத் தொடங்கிய மாதத்திலிருந்து ஒருவருக்கும் முட்டிவலியே இல்லை! ஒரு முட்டி தானாகச் சரியாகலாம். ஊர் முட்டிகள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டா சரியாகும்?

மறுநாள் கேள்வியை மாற்றிக் கேட்டாள்.

"முட்டிவலி எப்படிக்கா போச்சு?"

ஏற்கெனவே பூரி போல் உப்பியிருந்த செண்பகத்தின் முகம் இன்னும் மலர்ந்தது. "நிலாச்சாமி குடுக்குற சாம்பப் பிரசாதம்மா! ரெண்டே நாள்ல ஓடியே பூடுச்சு!"

"மருந்தே சாப்பிடலன்னீங்க?"

"அய்ய, அது இன்னா மருந்தா? பிரசாதம்! அத மருந்துன்னு வாயால சொன்னாலே அருள் பூடும்னு சாமி சொல்லிக்கீறாரு. என் மூஞ்சியப் பாரு, நிலா எறங்கிக்கீது!"

பூர்வாசிரமத்தில் வெறும் சீனுவாசனாக இருந்த நிலாச்சாமி, ஹைவே ஓரம் தகரக் கொட்டகை போட்டு அமாவாசைதோறும் அருள் வழங்குபவர். வானத்தில் நிலா இல்லாத அன்று பக்தர்களின் முகத்தில் நிலாவை உதிக்கவைப்பார். முகம் எவ்வளவு வட்டமோ அவ்வளவு பக்தி. வட்டம் போதாதவர்களுக்கு இன்னொரு பொட்டலம்.

ரோஸ்லினுக்குப் பளிச்சென்று புரிந்தது. வலியை மந்திரம் போட்டதுபோல் அடக்கும், சர்க்கரையை ஏற்றும், புண்ணை ஆறவிடாது, முகத்தை வட்டமாக உப்பவைக்கும். இந்த நாலு வேலையையும் சேர்த்துச் செய்வது ஸ்டீராய்டு. செண்பகத்தின் பொட்டலத்தில் ஒரு சிட்டிகையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். முடிவு வர நாளாகும். அமாவாசையோ மறுநாளே!

கொட்டகையில் எள் விழ இடமில்லை. குங்கும நெற்றி, சிலுவைக் கழுத்து, முக்காட்டுத் தலை எல்லாம் ஒரே வரிசையில். முட்டிவலிக்கு மதபேதம் கிடையாது, ஏமாறுவதற்கும் கிடையாது. சாமி வந்தார். முருங்கைக்காய் மாதிரி ஒட்டிய முகம். இரண்டு சீடர்கள் அக்குளில் கைகொடுத்து மேடையில் ஏற்றினார்கள். உட்காரும்போது, "அம்மாடி... முட்டி..." என்று முனகினார். தவத்தால் தேய்ந்த முட்டியாம்!

செண்பகத்துடன் வந்த ரோஸ்லின் கையைத் தூக்கினாள். "சாமி, எங்க எல்லாருக்கும் ரெண்டு நாள்ல முட்டிவலி போவுது. உங்களுக்கு ஏன் போவல?"

"தாயே, நான் கொடுக்கப் பிறந்தவன்."

"பாவம் சாமி நீங்க! இன்னிக்கு நாங்க கொடுக்கறோம்." ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "ஒரே ஒரு கரண்டி."

"ஆமா சாமி, சாப்டு சாமி!" என்று கூட்டம் உண்மையான அன்போடு கத்தியது. பக்தர்களின் அன்புக்கு ஈடேது? செண்பகம் கரண்டியோடு மேடைக்கே ஏறிவிட்டாள். "வாயத் தொற சாமி!"

சாமி பின்னால் சாய்ந்தார். கரண்டி முன்னால் போனது. "வேணாம்மா... ஜல்தி எடுத்துக்கினு போ..." கரண்டி உதட்டைத் தொட்டது.

"அய்யய்யோ, எனக்கு சுகரு கீதும்மா!"

செண்பகம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு சாமியைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு இன்னாடா கீது, சக்கரைப் பொங்கலா?"

அதற்கப்புறம் நிலாச்சாமியின் முட்டி எவ்வளவு அருமையாக வேலை செய்தது என்பதை ஹைவேயே பார்த்தது. மயிலம் ரோடு திரும்பும் இடத்தில்தான் பிடிக்க முடிந்தது. பிற்பாடு வந்த ஆய்வு முடிவும் ரோஸ்லின் நினைத்ததையே சொன்னது: சாம்பலில் பொடித்துக் கலந்த ஸ்டீராய்டு மாத்திரை.

பொட்டலங்களை ஏரியில் வீசக் கிளம்பிய கூட்டத்தை ரோஸ்லின் ஓடிப்போய் மறித்தாள். "வீசாதீங்க! திடீர்னு நிறுத்தாதீங்க!"

"இன்னாம்மா, நீயும் அந்தாளு கட்சியா?" என்றாள் செண்பகம்.

"இல்லக்கா. இந்தச் சரக்கு நம்ம உடம்பே கொஞ்சமாத் தயாரிக்கறதுதான். வெளியிலருந்து கொட்டிக்கினே இருந்தா, உள்ள இருக்கற பட்டறை லீவு போட்டுடும். சட்டுனு நிறுத்தினா உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. ஆளே சாய்ஞ்சிடுவாங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க, அளந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கறேன்."

அப்படியே குறைத்தாள். கோடுகள் இறங்கின. புண் ஆறியது, செண்பகத்தின் விரல் காலிலேயே இருந்தது.

இப்போது அந்தச் சுகாதார நிலையத்தில் வேறு மருந்து உண்டா என்று யாரும் கேட்பதில்லை. வாய்க்குள் போவது எதுவானாலும், பொடியோ லேகியமோ பிரசாதமோ, கொண்டுவந்து காட்டச் சொல்கிறார்கள். அதைக் கணினியில் பதிகிறார்கள். சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் மாதாமாதம் ஒப்பிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கோடு ஏறினால் அந்தப் பொருளைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவுதான் வித்தை. நீங்களும் செய்யலாம்: யார் எதைக் கொடுத்தாலும், கொடுப்பவரை முதலில் ஒரு கரண்டி சாப்பிடச் சொல்லுங்கள். அவர் சாப்பிட்டாலும், விழுங்குவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.