சிவப்புப் பொட்டு

உலக ஓவியக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாரிஸ் நகரத்தை முடித்ததும் நேராகச் சாந்தன்பாறைக்கு வந்துவிட வேண்டும். இடையில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. எங்கள் 'ஏலமலை ஓவியர் பேரவை' இங்கேதான் இயங்குகிறது. நான் அதன் செயலாளர். படம் வரையத் தெரியாத ஒரே உறுப்பினர் என்பதால், நடுநிலை தவறமாட்டேன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டங்களில் நான் பேசுவதில்லை. 'நீண்ட மௌனம் நிலவியது' என்று எழுத வேண்டுமானால் யாராவது மௌனமாக இருந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட பேரவைக்கும் ஒரு நெருக்கடி வந்தது. டிசம்பரில் நடக்கும் மலைக் கலைச் சந்தையில் எங்கள் விற்பனை சரிந்துகொண்டே போனது. முதல் வருடம் கொண்டுபோன படங்கள் எல்லாம் விற்றன. அடுத்த வருடம் பாதி. போன வருடம் ஆனந்தியின் படம் ஒன்று மட்டும். இனியும் போவதா என்று தீர்மானிக்கத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தலைவர் சுவக்கீனின் வீட்டில் 'யோகம்' கூடியது. எங்கள் பக்கத்தில் கூட்டத்துக்கு அதுதான் பெயர். கூட்டம் என்று சொன்னால் யாரும் வருவதில்லை.

சரிவின் காரணங்கள் ஆழமாக ஆராயப்பட்டன. யானைகளை மட்டுமே வரையும் மொக்கையன், மூடுபனியில் வண்ணம் எடுபடுவதில்லை என்றார். மக்களின் ரசனைதான் சரிந்திருக்கிறது, அதற்குப் பேரவை பொறுப்பாகாது என்று தலைவர் தெளிவுபடுத்தினார்.

ஆனந்திக்கு மட்டும் அவசரம் இருந்தது. அவர் ஏலக்காட்டில் காய் எடுப்பவர். சந்தை வருவதோ காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதத்தில். இந்த வருடமும் லீவு போட்டால் அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவதாகக் கங்காணி சொல்லியிருந்தார்.

"படம் நெசமாவே விக்கும்னா வேலைய விட்டுட்டு வரைவேன். விக்காதுன்னா காட்டுக்கே போயிருதேன்," என்றார். "மறைக்காமச் சொல்லுங்க. போன வருசம் எம்படத்த வாங்குனது யாரு?"

"ஒரு பெரிய ரசிகரும்மா," என்றார் தலைவர்.

நீண்ட மௌனம் நிலவியது. கட்டன் சாயா கொண்டுவந்த தலைவரின் மனைவி கத்தரீனாள் அதைக் கலைத்தார்.

"அந்த ரசிகரு இந்தா நாற்காலியில உக்காந்திருக்காரு. ரசனையும் சரிஞ்சு போகல, பனியும் மறைக்கல. செவுத்துல எடம் இல்ல, அவ்வளவுதான். மொக்கையண்ணன் யானை மட்டும் இங்க ஒரு கூட்டமே நிக்குது. மாதா படத்தக் கழட்டி அடுப்படியில மாட்டியிருக்கேன். இன்னொரு யானை உள்ள வந்துச்சுன்னா நான் காந்தலூருக்கு எந்தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்."

இங்கே எங்கள் உயரிய மரபு ஒன்றை விளக்க வேண்டும். கல்யாண வீட்டில் ஒருவர் செய்த மொய்யை மற்றவர் திருப்பிச் செய்வது போல, எங்களில் ஒருவர் படத்தை மற்றவர் வாங்குவார். சந்தை திறக்கும் முன்பே 'விற்றாயிற்று' என்பதற்கான சிவப்புப் பொட்டு ஒட்டப்பட்டுவிடும். பொட்டில்லாத கடையில் நிற்பது, யாருமே வராத பந்தியில் இலை போட்டுக் காத்திருப்பதற்குச் சமம். மரபில் பழுதில்லை. ஆனால் லயத்து வீடு என்பது இரண்டு அறை. சுவர்கள் நிரம்பிவிட்டன. பொருளாதார அறிஞர்கள் இதைத்தான் 'சந்தைத் தேக்கம்' என்கிறார்கள். புதியவர் மனம் நோகக் கூடாதென்று இதையெல்லாம் ஆனந்தியிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப வெளியாளு ஒருத்தரும் கேக்கலயா?" என்று ஆனந்தி மெதுவாகக் கேட்டார்.

"கேட்டாரே," என்றார் கத்தரீனாள். "சக்குபள்ளத்துல தங்குற விடுதி வச்சிருக்க ஜோமோன். உன் ஜீப்பு படத்து முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு."

அந்தப் படத்தில் ஜீப்பு முழுதாகத் தெரியாது. தேனிப் பக்கத்திலிருந்து காலையில் வேலைக்கு ஏறிவரும் பெண்களின் கால்கள் மட்டும் பின்கதவுக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு தெரியும். ஜோமோன் விலை கேட்டதும் தலைவர் பொட்டைக் காட்டியிருக்கிறார். வாங்கியவரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று அவர் கெஞ்சியபோதும், அது முறையல்ல என்று உறுதியாக நின்றிருக்கிறார். தன் லாபத்துக்காகவா? இல்லை. கொள்கைக்காக. இப்படிப்பட்ட தலைவர்கள் இன்று எத்தனை பேர்?

"எம்படத்தத் திருப்பிக் குடுங்க சித்தப்பா," என்று தலைவரிடம் கேட்டார் ஆனந்தி. "நீங்க குடுத்ததக் கொண்டாந்து தந்திருதேன்."

"வித்த சரக்கு வித்ததும்மா. மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல."

கத்தரீனாள் கட்டிலுக்கடியிலிருந்து சாக்கு சுற்றிய படத்தை இழுத்து ஆனந்தியின் கையில் வைத்தார். "யானை ரெண்டு சும்மா தாரேன், கொண்டுபோறியா?" என்று கேட்டார். மொக்கையன் சாயாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனந்தி போன பிறகு யோகம் தொடர்ந்தது. சந்தைக்குப் போவதென்று முடிவாயிற்று. வீடுகளுக்கு வெளிச்சுவரும் உண்டு என்று தலைவர் சுட்டிக்காட்டியது எல்லோரையும் நெகிழ வைத்தது.

சந்தையில் எங்கள் கடை திறக்கும் முன்பே சிவப்பாக ஜொலித்தது. நாள் முழுவதும் யாரும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. எதிர்வரிசையில் ஊறுகாய்க்காரியின் மேசையில் பாதியைக் கேட்டு வாங்கி, ஆனந்தி தனியாக உட்கார்ந்திருந்தார். காட்டில் அவர் இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் போட்டாயிற்று. அவர் மேசையில் ஒரு பொட்டுகூட இல்லை. எங்களுக்கே பார்க்கக் கூசியது. மத்தியானம் ஜோமோன் வந்தார். ஜீப்பு படத்தைக் காரில் ஏற்றினார். விடுதி அறைகளுக்கும் படம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே பேரவை கூடியது. ஆனந்தி நல்ல உழைப்பாளி, பெரியவர்களிடம் மரியாதை உள்ளவர் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் அவரை நீக்குவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. நான் தெளிவான கையெழுத்தில் பதிவு செய்தேன். குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: படம் வேண்டும் என்று கேட்டவருக்கே படத்தை விற்றுவிட்டார்.