மைத்துனர் ஒன்று, 68 கிலோ

2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் விடாத கட்டன்சாயா, ஜெபம், முந்தைய நாள் மழையளவைக் குறித்தது எல்லாம் ஆறு மணிக்குள் முடிந்தன. ஆறே காலுக்கு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். இருபது நாட்களாக அதுவும் அன்றாட வேலையாகிவிட்டிருந்தது.

நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதுவது என் தொழில். நிலத்தின் நான்கு எல்லைகளில் ஒன்று விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது. எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவனிடமிருந்து எதுவும் தப்பாது என்று அப்போது நம்பியிருந்தேன். (இப்போதும் எழுதுகிறேன். நம்புவதைத்தான் நிறுத்திவிட்டேன்.)

வேன், மலை எஸ்டேட் ஒன்றில் உழைத்து ஓய்ந்தது. ஒரு லிவரைத் தள்ளினால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், சேற்றுக்கு நல்லது. பின்னால் கட்டிலும் அடுப்பும் பொருத்தினேன். இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு அதில் வாகமண் போவதாக என் மனைவி லிசிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அடியிலிருந்து 'டடக், டடக்' என்று ஒரு சத்தம். அதைக் கண்டுபிடிக்காமல் மலையேறுவதா? இரண்டு முறை பயணத்தைத் தள்ளிவைத்தேன். அவளும் பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை லீவை மாற்றினாள்.

சத்தத்துக்கென்று தனி நோட்டு போட்டேன். வேகம், கியர், ஏற்றம், இறக்கம், டயர் காற்று என்று ஒன்பது கட்டங்கள். கிரீஸ் அடித்தேன், போல்ட்டுகளை முறுக்கினேன், கியர் ஆயிலை மாற்றினேன். சத்தம் அசையவில்லை. "வளைவுல திரும்பும்போதாக்கும் கேக்குது" என்று லிசி ஒருநாள் சொன்னாள். அதற்குக் கட்டம் இல்லாததால் நான் எழுதவில்லை.

அன்று காலை அவள் வேனுக்கு அருகே குனிந்து, என் கால்களிடம் பேசினாள். "கேட்டியளா, நாளைக்கு அஞ்சு மணிக்கு வண்டி புறப்படல்லேங்கில் நான் பஸ்ஸுல தனியா போவேன். நீங்க சத்தத்தோட கெடங்க."

எனக்கு ஒரு பகல்தான் இருந்தது. லிசியின் தம்பி ஜேபஸை அழைத்தேன். பின்பக்கத் தரையில் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து, அவன் குப்புறப் படுத்துக் காதை வைக்க வேண்டும். நான் ஓட்டுவேன். சத்தம் வந்தால் பக்கத் தகரத்தில் ஒரு தட்டு. அவன் உருளாமல் இருக்க இடுப்பிலும் காலிலும் கயிறு கட்டினேன். தூசிக்கு வாயைச் சுற்றித் துண்டு. காற்றிரைச்சல் தொந்தரவு செய்யாமலிருக்கச் சன்னல்களை மூடித் திரைகளையும் இழுத்துவிட்டேன்.

"அத்தான், இது கொஞ்சம் கூடுதலாக்கும்" என்றான். துண்டுக்குள்ளிருந்து அவ்வளவுதான் கேட்டது.

தனுவச்சபுரம் வளைவில் சத்தம் உச்சத்துக்குப் போனது. ஜேபஸும் உண்மையாக உழைத்தான். தட்டு, தட்டு, தட்டு. முன்னால் பஸ் நின்றதால் நானும் நிறுத்தி, தட்டல்களை நோட்டில் குறித்தேன். நிறுத்தம் நிறையக் கல்லூரிப் பிள்ளைகள். அந்த நேரம் பார்த்து, கயிற்றைத் தளர்த்தச் சொல்லி ஜேபஸ் இன்னும் வேகமாகத் தட்டினான். யாரோ பின்கதவைத் திறந்தார்கள். ஒரு கூச்சல்.

குடை வைத்திருந்த ஒரு பெண் என் சன்னலுக்கு வந்தாள். "சேட்டா, உள்ள கெடக்கியது ஆரு?"

"என் மச்சினனாக்கும்."

"பின்னே எதுக்கு கெட்டி வச்சிருக்கு?"

"உருளாம இருக்க."

"வாயி?"

"தூசிக்கு."

எல்லாம் உண்மை. ஒவ்வொரு உண்மைக்கும் கூட்டம் ஓரடி நெருங்கியது. அவள் இருக்கையிலிருந்த நோட்டை எடுத்தாள். என் கெட்ட காலம், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. "சுமை: மைத்துனர் ஒன்று, 68 கிலோ, பின்பக்கம். கட்டு: இரண்டு இடம். தட்டல்: 31."

"எலே, முப்பத்தொண்ணு தடவ தட்டியும் இந்த ஆளு நிறுத்தல்லியாம்!" என்று கத்தினான் கூட்டத்தில் ஒருவன்.

அதற்குள் ஜேபஸின் துண்டை அவிழ்த்திருந்தார்கள். காப்பாற்றப்பட்டவன் என்ன சொல்லப்போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் இருமிவிட்டுச் சொன்னான்: "அத்தான், முப்பத்திரண்டு."

பெருங்கடவிளையிலிருந்து வாழைக்குலை ஏற்றி வந்த ஜீப் டிரைவர் ஒருவர், நான் ஓடிவிடாமலிருக்கச் சாவியைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டார். மீட்டர் பலகையைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

"இந்தப் பச்ச லைட்டு எத்தற நாளா எரியுது?"

"இருபது நாளா. நல்ல பல்பாக்கும்" என்றேன். (நோட்டில் அதற்குத் தினமும் ஒரு சரி போட்டிருந்தேன்.)

"பல்பு நல்லதுதான். ஆளு கொள்ளாது" என்றவர் லிவரைக் காட்டினார். "அந்த லைட்டு எரிஞ்சா நாலு சக்கரமும் சேந்து இழுக்குன்னு அர்த்தம், அண்ணே. தார்ரோட்டுல திரும்பும்போ முன்சக்கரத்துக்குக் கூடுதல் தூரம் போவணும், பின்சக்கரம் விடாது. ரெண்டும் சண்ட போட்டுத் தல்லுகூடும். பொறகே வரும்போ நான் கேட்டது அந்தச் சத்தமாக்கும்."

லிவர் முழுதாகப் பின்னால் வரவில்லை. நான் மில்லிமீட்டர் பார்த்து வெட்டி விரித்த தடித்த கயிற்றுப்பாய் அதைத் தடுத்துக்கொண்டிருந்தது. பாய் விரித்த அன்று முற்றத்துச் சேற்றில் நாலு சக்கர இழுவையைச் சோதித்துப் பார்த்து, லிவரை 'நிற்கும்வரை' திரும்ப இழுத்ததாக டைரியில் எழுதியிருக்கிறேன். மறுநாள் பக்கத்தில் 'புதிய சத்தம்' என்றும் எழுதியிருக்கிறேன்.

டிரைவர் பாயை உருவி எறிந்து, லிவரைப் பின்னால் இழுத்தார். பச்சை விளக்கு அணைந்தது. கூட்டம் கைதட்டியது, எனக்கல்ல.

இன்றும் குடும்பத்தில் யார் எந்த வண்டியில் கிளம்பினாலும் ஜேபஸ் கதவருகே வந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுவான். "அத்தான், கெட்டணுமா? சும்மா இருந்தா போருமா?"

அந்த வெள்ளிக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு, முதல் வேலையாக, கேட்டைத் தாண்டி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினேன். லிசியிடம் கேட்டேன்: "சத்தம் எதாவது கேக்குதா?"

"ஒண்ணு கேக்குது" என்றாள், மடியிலிருந்த பிளாஸ்க்கைச் சரிசெய்தபடி. "உங்க சத்தமாக்கும். வண்டிய விடுங்க."