சுயமாக இயங்கிய குழாய்ப் பிரிவு

1975இல் சிட்னியில், புது வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் அனுமதி வழங்கும் அலுவலகம் ஒன்றில் சச்சிதானந்தன் பிரிவுத் தலைவராக இருந்தார். அவருக்குக் கீழே ஆறு பேர். ஒரு திங்கட்கிழமை மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது: "இன்று முதல் ஊழியர்கள் தம்மைத் தாமே நிர்வகிப்பர். தலைவர்கள் கட்டளையிடலாகாது." அந்த வருஷம் அலுவலகங்களில் அதுதான் நாகரிகம், அகலக் கால்சட்டை மாதிரி.

சச்சிதானந்தன் எல்லோரையும் கூப்பிட்டார். "இண்டு தொடக்கம் நீங்கள் சுயமாய் இயங்க வேணும். இது என்ர கட்டளை."

"கட்டளையிடக் கூடாது எண்டு போட்டிருக்கு, சேர்," என்றார் தட்டச்சர் யோகராணி.

"சரி பிள்ளை. அப்ப தயவாய்க் கேட்டுக்கொள்ளுறன்."

குழு கூடியது. ஓர் அனுமதிக்கு ஏன் நாலு கையெழுத்து என்று மூத்த எழுத்தர் பெரில் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றை நீக்கினார்கள். அதில் தலைவருடையதும் ஒன்று. மூன்று வாரம் எடுத்த அனுமதி மத்தியானத்துக்குள் கிடைத்தது. சனம் பயந்துபோய், "இது உண்மையான அனுமதிதானா?" என்று திரும்பி வந்து விசாரித்தது.

சச்சிதானந்தனின் மேசைக்கு ஒரு கோப்பும் வரவில்லை. பேனைக்கு மை ஊற்றுவார், மூடிவைப்பார். வியாழக்கிழமை தாங்காமல் இயக்குநரிடம் போனார்.

"வேலை நடக்கவில்லையா?" என்றார் இயக்குநர்.

"நடக்குது, சேர். நான் இல்லாமலே நடக்குது. அதுதான் பயமாய்க் கிடக்கு."

இயக்குநர் யோசித்தார். "இவ்வளவு வேகமென்றால் ஆறு பேர் எதற்கு? மூன்று பேர் போதுமே."

செய்தி கசிந்தது. குழு அவசரமாகக் கூடியது, சுயமாகச் சிந்தித்தது, ஏகமனதாகத் தீர்மானித்தது: நாலு கையெழுத்தும் திரும்ப வேண்டும். பாதுகாப்புக்கு ஐந்தாவதாக யோகராணியுடையதும்.

"இது நீங்களாய் எடுத்த முடிவுதானே?" சச்சிதானந்தன் பேனையைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஓம், சேர். ஒருத்தரும் சொல்லித் தரேல்லை," என்றார் யோகராணி.

அனுமதிக்கு ஐந்து வாரமாயிற்று. ஆறு பேரின் வேலையும் தப்பியது. சுயநிர்வாகத்தின் முன்மாதிரி என்று இயக்குநர் கேடயம் கொடுத்தார்.

அடுத்த மாதம் யோகராணி சிட்னியின் புறநகரான டூங்கபியில் புது வீட்டுக்குக் குடிபோனார். குழாய்க்கு விண்ணப்பித்தார். நாலு பேரும் உடனே கையெழுத்திட்டார்கள். ஐந்தாவது அவருடையது. சொந்த விண்ணப்பத்தில் தானே கையெழுத்திடுவது முறையல்ல என்று குழு கண்டது. ஆராய உபகுழு அமைத்து, அவரையே செயலாளராக்கியது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு வந்த யோகராணி, ஆள் போதாததால் உபகுழுவின் முதற்கூட்டத்தை மூன்று வாரம் ஒத்திவைத்துக் குறிப்பெழுதினார்.