பாச்சை டீச்சர் கண்ணை மூடினால்

திண்டுக்கல்லில் கரப்பான்பூச்சியின் மனசை முழுதாக அறிந்த ஒரே மனிதப் பிறவி எங்கள் பாச்சை டீச்சர்தான். எங்கள் பக்கம் கரப்பானைப் பாச்சை என்போம். பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீடு. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரருக்கே தெரியாது.

யார் வீட்டில் பாச்சை தென்பட்டாலும் டீச்சருக்கு ஆள் போகும். வந்து, அடுப்படி நடுவில் நின்று கண்ணை மூடிக்கொள்வார்.

"நான் இப்ப பாச்சை. தாகமா இருக்கு. எங்க போவேன்?"

குரல் எங்கோ தூரத்திலிருந்து வரும். சுவரை விரலால் தடவியபடி, தூக்கத்தில் நடப்பவரைப் போல மிதந்து போவார். ஜன்னல் வெயில் அவர் தோளில் ஏறி இறங்கும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவோம். சிங்க்குக்கு அடியில் குனிவார்.

"ஆத்தாடி, என்னா குளுமை! குழாய் சொட்டுது. இங்கயே குடியிருக்கலாம் போலயே."

கண்ணைத் திறந்தால் ஆளே வேறு. "ஏத்தா, மொதல்ல குழாயைச் சரி பண்ணு. படுக்கறதுக்கு முன்னாடி சிங்க்கைத் தொடச்சுக் காயவிடு. சாக்கடை ஓட்டைக்கு வலை போடு. சுவத்து விரிசலை ஒயிட் சிமென்ட் வச்சு அடை." அதன் பிறகுதான் போரிக் பவுடரும் சர்க்கரையும் கோதுமை மாவும் பிசைந்த உருண்டை, அதுவும் பிள்ளைகள் கைக்கு எட்டாத மூலைகளில்.

வடமதுரையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா கெஞ்சினாள்: "இன்னைக்கு மட்டும் கண்ணைத் திறந்தே வச்சிருங்க டீச்சர்."

தலையாட்டினார். நான் காபித் தட்டோடு வருகிறேன். ஷோகேஸ் மேலிருந்து ஒரு பாச்சை பறந்துவந்து மாப்பிள்ளையின் அம்மா மடியில் இறங்கியது. அவர் அலறினார். என் அம்மாவுக்கு முகம் வெளுத்தது. டீச்சர் கண்ணை மூடிவிட்டார்.

"நான் இப்ப பாச்சை..." என்று எழுந்து மிதந்தார்.

சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். மாப்பிள்ளையும் எழுந்தார். "டீச்சர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கதகதன்னு இருக்கும்ல? நான் அங்கிட்டுதான் போவேன்." பார்த்தால், அவரும் கண்ணை மூடியிருந்தார்.

"ஏலே, பொண்ணு பாக்க வந்தியா, பாச்சை பாக்க வந்தியா?" என்று கத்தினார் அவருடைய அம்மா. கத்தி முடிப்பதற்குள் சிரித்தும்விட்டார். நான் அப்போதே சம்மதித்துவிட்டேன். யாரும் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது டீச்சர் கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். போன மாதம் மூட்டுவலியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார்.

"எங்கயும் போகத் தோணலைத்தா. அம்புட்டுச் சுத்தமா இருக்கு," என்றார். முகம் வாடிப்போனது.

மறுநாள் காலை, அவர் எழுவதற்குள் சிங்க்கில் தண்ணீரைத் தேக்கி, மேடையில் ரொட்டித் துணுக்குகளைத் தூவிவைத்தேன். டீச்சர் வந்தார், முகம் மலர்ந்தது, கண்ணை மூடினார். எங்கேயும் இடித்துக்கொண்டு விழுந்துவிடக் கூடாதே என்று, நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் கைகளை விரித்தபடி அவரோடு மெல்ல நடந்தோம்.