தருமாவின் வலக் கண்

ஆய்வகத்தின் தற்காலிக ஊழியன் ஹயாசே தும்மியது ஒரே தும்மல்தான். ஆனால் மலைக்கடியில் இருக்கும் ஆய்வுத் தொட்டியின் தண்ணீரிலும் அலையடித்திருக்கும். கையிலிருந்த தூரிகைப் பேனா புத்தாண்டு வாழ்த்து அட்டையிலிருந்து எகிறி, மேசைமேல் இருந்த தருமா என்ற வேண்டுதல் பொம்மையின் வெறும் வெள்ளை வலக் கண்ணில் நச்சென்று ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டது.

ஈர்ப்பு நீங்கலாக இயற்கையின் மூன்று விசைகளும் ஆதியில் ஒன்றுதான் என்கிறது பெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாடு. அது மெய்யென்றால் புரோட்டானும் என்றாவது ஒருநாள் உடைந்தே தீரவேண்டும். உடைந்தால் ஒரு மினுக்கு தெரியும். அதற்காகத்தான் மலைக்கடியில் ஐம்பதாயிரம் டன் தண்ணீரைத் தேக்கி இருபத்தெட்டு ஆண்டுகளாகக் காவல். வேண்டும்போது ஒரு கண், பலித்தால் மறு கண் என்பது தருமா வழக்கம். முதல் நாளே வேண்டிக்கொண்டு பொம்மைக்கு ஒரு கண் வரைந்த இயக்குநர் முனகாட்டா, மறு கண்ணைப் புரோட்டான் உடைகிற அன்று தன் கையால்தான் வரைவதாக இருந்தார். ஹயாசேயின் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் அவர் முத்திரை குத்த வேண்டியதோ தும்மல் வந்த அன்று மாலைதான்.

ஈரத்துணியால் துடைத்தான். பொட்டு பரந்து கோழிமுட்டை ஆனது. வெள்ளை மை பூசினான். கண்புரை வந்தது. பேசாமல் பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

"என்ன ஹயாசே சான், தருமா கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு?" என்று வந்தாள் அலுவலகத்து நிஷிவாக்கி. "வெளிநாட்டுக்காரங்க முந்திக்கிட்டாங்களா?"

"இல்லீங்க. முகத்துல காத்து படக்கூடாதுன்னு..."

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு கண்ணு. புரோட்டான் உடைஞ்சிருச்சா? எங்கிட்டகூடச் சொல்லலை பாருங்க."

"உடையலீங்க. தும்மிட்டேன்."

"இந்த அடக்கம் வேற யாருக்கு வரும்," என்றபடி ஓடினாள்.

பத்தே நிமிடத்தில் உணவுக்கூடத்தில் நல்ல சேதிக்கென்றே சமைக்கும் செம்பயற்றுச் சோறு பொங்கியது. நகரத் தலைவர் வாழ்த்துரைக்குத் தொண்டையைச் செருமத் தொடங்கினார். ரயிலில் வந்துகொண்டிருந்த இயக்குநர் தொலைபேசியில், "நான் வர்ற வரைக்கும் பொம்மையை யாரும் தொடாதீங்க," என்றார்.

ஹயாசே பொம்மையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, ரயில் நிலையத்தருகே இருந்த பொம்மைக் கடைக்குப் பனியில் சறுக்கியே போய்ச் சேர்ந்தான். வேறு பொம்மை கிடைத்தால், நிஷிவாக்கிக்குத்தான் கண்ணில் கோளாறு என்று சாதித்துவிடலாம்.

"இதே அளவுல ஒண்ணு வேணும்மா. ஒத்தைக் கண்ணோட. பழசா இருக்கணும்."

கடைக்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் கைவிட்டு, ஒற்றைக் கண்ணும் இருபத்தெட்டு ஆண்டுத் தூசியுமாக ஒன்றை எடுத்து வைத்தாள்.

"முனகாட்டா ஐயாவுக்குன்னு வச்சிருந்தது, பரவாயில்லை, நீ எடுத்துக்கோ தம்பி. மினுக்கு தெரிஞ்சிருச்சுன்னு அவசரப்பட்டுக் கண்ணை வரைஞ்சுட்டு, அவரு இதுவரைக்கும் பதிமூணு தடவை இப்படித்தான் ஓடி வந்திருக்காரு."