கரடி அஞ்சலை சமூகத்தில் கலந்த கதை

ஒரு காட்டில் அஞ்சலை என்று ஒரு கரடி இருந்தாள். பிறவியிலேயே கண் தெரியாது. காது மட்டும் காடு முழுக்கப் போய் வரும். யாருக்குள் சண்டை வந்தாலும் சமாதானத்துக்கு அவளிடம்தான் வருவார்கள். குகை வாசலில் எந்நேரமும் கூட்டம்.

அந்த வாரம் அவள் தலையில் பெரிய பொறுப்பு. கீரி வீட்டுப் பையனுக்கும் பாம்பு வீட்டுப் பெண்ணுக்கும் காதல். இரண்டு வீட்டாரையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள். மண்டபத்தில் அவள் நடுவில் நின்றால்தான் தாலி ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நாகலிங்கம் என்ற நாரை வந்தார். கண் தெரியாதவர்கள் சமூகத்தில் எவ்வளவு கலந்து பழகுகிறார்கள் என்று அளந்து மதிப்பெண் போடுவது அவர் உத்தியோகம்.

பிறர் வீடுகளுக்குப் போவதுண்டா என்று கேட்டார். எல்லாரும் இங்கேயே வந்துவிடுகிறார்கள், போக எங்கே நேரம் என்றாள் அஞ்சலை. போவதில்லை என்று குறித்துக்கொண்டார். ஓடைக்குத் தனியாகப் போவீர்களா என்றார். மான்களோடு கதை பேசிக்கொண்டே போவேன் என்றாள். தனியாகப் போக முடியாதவர் என்று குறித்தார். மொத்தத்தில் பூஜ்யம்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கண் தெரிந்த ஒருவர் வேண்டுமே? சிறுத்தையைக் கேட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அடிக்கடி போகிறார். யார் துணையுமில்லாமல் போகிறார். போன வீடுகளிலிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லை. நூற்றுக்கு நூறு.

மறுநாள் காலை பட்டுப்புடவை கட்டிக் கல்யாணத்துக்குக் கிளம்பிய அஞ்சலையை, பூஜ்யம் வாங்கியவர்களைப் பிடித்துப்போகும் அலுவலக யானை ஏற்றிக்கொண்டு போய்ச் சமூகப் பங்கேற்பு முகாமில் இறக்கியது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறரோடு பேசுவது எப்படி என்று வகுப்பு. பக்கத்தில் இருந்த பெருச்சாளியிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள். வகுப்பு நடக்கும்போது பேசக் கூடாது என்று நாரை அதட்டினார்.

தூரத்தில் மேளம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மேளத்துக்கு மேலே சீறல் கேட்டது. மண்டபத்தில் சண்டை தொடங்கிவிட்டது என்று அஞ்சலைக்குப் புரிந்தது. எழுந்து நாரையிடம் போனாள்.

"நூறு வாங்கினா விட்டுடுவீங்களா சார்?"

"தாராளமா."

"சிறுத்தை மாதிரி நடந்துக்கிட்டாப் போதுமா?"

"அவர் மாதிரி நடந்துக்கிட்டா எங்களுக்கே பெருமைம்மா."

அஞ்சலை கையை நீட்டி நாரையின் கழுத்தைப் பிடித்தாள். நீளமான கழுத்து, தேட வேண்டியிருக்கவில்லை.

"முதல்ல உங்க வீட்டுக்கே வரலாம்னு இருக்கேன்," என்றாள். "யார் துணையும் வேண்டாம்."

நாரை அப்படியே நின்றபடி நூறு போட்டார். அவள் கழுத்தை விட்டு இறக்கையைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்துக்கு வழி காட்டச் சொன்னாள்.

அங்கே பாயசம் யாருக்கு முதலில் என்ற தகராறில், மாப்பிள்ளையின் மாமா, பெண்ணின் சித்தப்பாவுடைய வாலைக் கவ்வியிருந்தார். அஞ்சலை உறுமலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, பெயர் சொல்லித் திட்டினாள். வால் விடுபட்டது. தாலி கட்டும் நேரத்தில் பெண்ணுக்குக் கழுத்து எதுவரை என்று குழப்பம் வந்தது. அதையும் அவள்தான் தடவிப் பார்த்துச் சொன்னாள்.

பந்தியில் இரண்டு வீட்டாரும் அடுத்தடுத்து உட்கார மறுத்தார்கள். நடுவில் நாரையை உட்கார வைத்தாள். அவரை அதுவரை யாரும் ஒரு விசேஷத்துக்கும் கூப்பிட்டதில்லை. திரும்பத் திரும்பப் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு அலுவலகம் போய், பூஜ்யத்தை ஒரே நாளில் நூறாக்கியது முகாமின் வகுப்புதான் என்று அறிக்கை எழுதினார். எல்லாக் காடுகளிலும் முகாம் திறக்க உத்தரவு வந்தது.

நீதி: நாலு பேரோடு அன்பாகப் பழகுவது அவரவர் சொந்த விஷயம். சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு கழுத்தையாவது பிடிக்க வேண்டும்.